அளவுப் புத்தகமும் கண்மாய்க் கரையும்: பொது ஒப்பந்தக் கண்காணிப்பு குறித்து ஓர் ஆய்வு

சாலை, வடிகால், குடிநீர்க் குழாய், பள்ளிக் கட்டடம், கண்மாய் மராமத்து முதலிய வேலைகளை அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் ஆட்களைக் கொண்டு செய்யாமல், விலை பேசி வெளியாரிடம் ஒப்படைத்து, முடித்த வேலையின் அளவுக்கேற்பப் பொதுப்பணத்திலிருந்து தொகை கொடுக்கும் ஏற்பாடே பொது ஒப்பந்தம் எனப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் பணம் கொடுப்பவர் ஒருவர். வேலையைப் பார்த்துச் சரியென்று எழுதுபவர் வேறொருவர். அதன் பலனையோ பாழையோ அனுபவிப்பவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரை ஒருவர் பாராமலே காரியம் முடிந்துவிடக்கூடும் என்பதால், அந்த இடைவெளியில் முறைகேடு குடியேறுவது எளிதாகிறது.

ஒப்பந்த முறைகேடு பற்றிய பேச்சு பெரும்பாலும் மாநகரங்களையே சுற்றிவருகிறது. சென்னையின் மழைநீர் வடிகால்களிலும் மும்பையின் சாலைகளிலும் கோடிகள் புரள்வதால் அது இயல்பே. எனினும் மாநகரத்தில் மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் மறைந்துகிடக்கும் சிக்கல், விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வானம் பார்த்த பூமியில் கண்ணுக்கு எதிரே திறந்து கிடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாற்றையும், மதுரை நகருக்குள் கழிவுநீர் ஓடையாகிவிட்ட பிறகும் நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வரத்தாக விளங்கும் கிருதுமாலையும் நம்பிய இவ்வட்டாரத்தில், சில லட்சம் ரூபாய்க் கண்மாய் வேலை ஒன்று சரியாக நடந்ததா என்பது அடுத்த மழையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதே மழை, நடந்த தவற்றின் தடயத்தையும் மூழ்கடித்துவிடும். இந்த முரணை அடித்தளமாகக் கொண்டு, தமிழ்நாட்டின் கண்காணிப்பு அமைப்பு எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே நெகிழ்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேலையின் படிகளும் தவறின் வகைகளும்

எந்தப் பொது வேலையும் நான்கு படிகளைக் கடக்கிறது. முதலாவது, என்ன வேலை, எவ்வளவு, என்ன விலை என்று பொறியாளர் வகுக்கும் மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட். இரண்டாவது, அந்த வேலையை யார் செய்வது என்று தீர்மானிக்கும் ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர். மூன்றாவது, செய்த வேலையை அளந்து, எம்-புக் என்று அலுவலக வழக்கில் சொல்லப்படும் அளவுப் புத்தகத்தில் பதிந்து, அதன்படி பில் போடுதல். நான்காவது, வேலை முடிந்த பின் குறிப்பிட்ட காலம் வரை தோன்றும் பழுதுகளை ஒப்பந்தக்காரரே தம் செலவில் சரிசெய்து தரும் பொறுப்பு.

முறைகேடும் இந்தப் படிகளுக்கேற்ப உருமாறுகிறது. மதிப்பீட்டில் அது தேவையில்லாத வேலையாகவோ, உயர் அதிகாரியின் ஒப்புதலுக்குப் போகாமலிருக்க ஒரே வேலையைத் துண்டுதுண்டாக உடைப்பதாகவோ அமைகிறது. ஒப்பந்தப்புள்ளியில் அது சிண்டிகேட்டாக, அதாவது இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று ஒப்பந்தக்காரர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு, போட்டி இருப்பதுபோல் காட்ட டம்மி டெண்டர் போடும் வழக்கமாக உருவெடுக்கிறது. வேலை நடக்கும்போது சிமெண்டும் கம்பியும் குறைகின்றன; வேலை எடுத்தவர் ஒருவராகவும் செய்பவர் மூன்றாம் கை மாறிய துணை ஒப்பந்தக்காரராகவும் ஆகிறார்கள். அளவில் செய்யாத வேலை செய்ததாக ஏறுகிறது. பழுது பார்க்கும் காலத்தில் ஆளே கண்ணில் படுவதில்லை. இவற்றில் ஒப்பந்தப்புள்ளிக் கட்டத்துத் தவற்றுக்குக் காகிதச் சாட்சி உண்டு. அளவுக் கட்டத்துத் தவற்றுக்கு இடத்தில் கிடக்கும் வேலையே சாட்சி. முன்னது அலுவலக அலமாரியில் பல ஆண்டு கிடக்கும். பின்னது சில வாரங்களிலேயே மூடப்பட்டுவிடும்.

பழைய ஏற்பாடுகள்

பொதுவேலையின் கணக்கைக் கேட்கும் மரபு தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகனின் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரிகளைக் கவனித்த ஏரி வாரியம் உள்ளிட்ட குழுக்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு உரியவராகார் என்பதோடு, அவருடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்படுகின்றனர். தவறு செய்தவர் உறவினர் பெயரில் திரும்பி வருவார் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சபையே எதிர்பார்த்திருந்தது என்பது, இன்றைய கரும்பட்டியல் முறையை ஆராயும்போது நினைவில் கொள்ளத்தக்கது.

கண்மாய்ப் பாசன ஊர்களில் குடிமராமத்து என்ற வழக்கம் நெடுங்காலம் நிலவியது. வரத்துக்கால் வெட்டுதல், கரையின் சிறு உடைப்புகளை அடைத்தல், மடைகளைப் பழுது பார்த்தல் ஆகியவற்றை ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அக்கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலமுடையோர், தம் உழைப்பாலேயே செய்துவந்தனர். அந்த ஏற்பாட்டில் சாதி வரிசையும் கட்டாய உழைப்பும் கலந்திருந்தன என்பது மறைக்கத்தக்கதன்று. எனினும் வேலை செய்பவரும், பார்ப்பவரும், பலனடைபவரும் ஒரே கரையில் நின்றதால், வேலை நடந்ததா என்ற கேள்விக்குத் தனி அலுவலர் தேவைப்படவில்லை.

1858இல் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை உருவானதும், அதே ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் வழக்கத்தைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்ததும், பராமரிப்பின் பொறுப்பை ஊரிலிருந்து துறைக்கு நகர்த்தத் தொடங்கின. இராமநாதபுரம், சிவகங்கை சீமைகளின் ஜமீன் கண்மாய்கள் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அரசின் கைக்கு வந்தன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ளவை பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் உரியவை என்ற பிரிவினையும் நிலைபெற்றது. கண்மாய் மராமத்து இவ்வாறு மதிப்பீடும் டெண்டரும் பில்லும் உள்ள வேலையாயிற்று. நீரைப் பயன்படுத்துபவர் தம் கண்மாய் வேலைக்கே வேடிக்கை பார்ப்பவரானார்.

ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும் அதன் எல்லையும்

ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கெனத் தனிச்சட்டம் இயற்றிய முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடே ஆகும். 1998ஆம் ஆண்டின் இச்சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும், அறிவிப்பு ஒப்பந்தப்புள்ளி இதழில் வெளியிடப்பட வேண்டும் என்றும், 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு 15 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் குறைந்தபட்ச அவகாசம் தரப்பட வேண்டும் என்றும், தகுதியுடையவர்களில் மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை தரப்பட வேண்டும் என்றும், முடிவால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்றும் வகுத்தன. பெரிய வேலைகளுக்கு, தகுதி ஆவணங்களை ஓர் உறையிலும் விலையை மற்றோர் உறையிலும் வைத்து, தகுதி பெற்றவரின் விலையுறையை மட்டுமே பிரிக்கும் இரட்டை உறை முறை வந்தது. இன்று ஒப்பந்தப்புள்ளிகள் இணையவழியே பெறப்படுவதால், பெட்டியில் காகிதம் போட வருபவரை வாசலில் மறிக்கும் பழைய அடாவடிக்கு இடம் குறைந்திருக்கிறது.

இச்சட்டத்தின் குறைகள் இரு வகையின. முதலாவது விதிவிலக்கு: இயற்கைப் பேரிடர், அவசரநிலை போன்ற சூழல்களில் நேரடியாக வேலை கொடுக்கச் சட்டமே இடமளிக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வருவது எவரும் அறிந்ததே. ஆயினும் ஆடி, ஆவணியில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஐப்பசியில் அவசர வேலையாகும்போது, கால தாமதமே விதிவிலக்குக்குக் காரணமாகிவிடுகிறது. இரண்டாவது குறை, மிகக் குறைந்த விலை என்ற அளவுகோலைச் சார்ந்தது. போட்டி உண்மையாக இருக்கும் இடத்தில் ஒப்பந்தக்காரர் அடிமாட்டு விலைக்கு எடுத்து, இழப்பை வேலையின் தரத்தில் ஈடுகட்டுகிறார். போட்டி பொய்யாக இருக்கும் இடத்தில் சிண்டிகேட் வைத்ததே குறைந்த விலையாகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2011இல் அமைக்கப்பட்டு 2015இல் அறிக்கை தந்த சார்போன்னோ விசாரணை ஆணையம், மான்ட்ரியல் நகரின் கழிவுநீர்க் குழாய், நடைபாதை ஒப்பந்தங்களை நிறுவனங்கள் வரிசை வைத்துப் பங்கிட்டுக்கொண்டதை வெளிக்கொணர்ந்தது. அங்கு டெண்டர் நடக்காமலில்லை; விதிப்படி நடந்த டெண்டர்களிலேயே பங்கீடும் நடந்தது. அதன் விளைவாக 2014இல் அந்நகரம் அமைத்த தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்கு, முறைகேடான ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அதிகாரமே வழங்கப்பட்டது.

அளவு: எல்லாம் முடிவாகும் இடம்

டெண்டர் எத்தனை நேர்மையாக நடந்தாலும், பணம் வெளியேறுவது அளவுப் புத்தகத்தின் வழியாகவே. உதவிப் பொறியாளர் அளந்து எழுத, அவருக்கு மேலுள்ளவர் ஒரு பகுதியைச் சரிபார்த்துக் கையொப்பமிட, பில் நகர்கிறது.

திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் மண் வேலை அளக்கப்படும் விதத்தை நெருங்கிப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். ஆட்கள் மண் வெட்டும் இடத்தில் குழியின் நடுவே சிறு சிறு மண் திட்டுகளைத் தொடாமல் விட்டுவைப்பது பழைய முறை. வெட்டுவதற்கு முன் தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு அத்திட்டே சாட்சி. அதன் உயரத்தை அளந்தால் வெட்டிய ஆழம் கிடைக்கும். அத்திட்டின் தலையில் நாலு கூடை மண்ணைக் கொட்டித் தட்டிவிட்டால் ஆழம் காகிதத்தில் கூடிவிடும் என்பதால், உச்சியிலுள்ள புல் வேரோடு அப்படியே நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பது கைதேர்ந்த மேற்பார்வையாளரின் பழக்கம். ஜேசிபி வந்த பிறகு திட்டும் இல்லை, ஒழுங்கான குழியும் இல்லை; வேலைக்கு முன்னும் பின்னும் கருவி வைத்து மட்டம் எடுத்திருந்தால் ஒழிய, எவ்வளவு மண் வெளியேறியது என்று பிறகு எவரும் நிறுவ முடியாது. கரை வேலையிலும் இதே கதைதான். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு நீர் தெளித்து இறுக்குவதற்குப் பதிலாக, கரையின் சரிவைச் சீவி மேலே பரப்பிவிட்டாலும் புதுக்கரைபோலவே தோன்றும். சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றுவது எஸ்டிமேட்டில் இருக்க, தரையோடு வெட்டிவிட்டால் அளக்கும் நாளில் உள்வாய் சுத்தமாகவே இருக்கும். அடுத்த கோடையில் தூரிலிருந்து தழைத்துவிடும். ஐப்பசியில் நீர் வந்து நின்றால் இவை அனைத்துக்கும் மேல் தண்ணீர்.

மாநகரத்தில் தண்ணீருக்குப் பதில் கான்கிரீட்டும் தாரும் அந்த வேலையைச் செய்கின்றன. வடிகாலின் அடித்தளத்துக்கு எத்தனை அங்குலக் கலவை போடப்பட்டது என்பது மேல்மூடி வந்த பிறகு தெரியாது. சென்னை புளியந்தோப்பில் கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கை பட்டாலே உதிர்வதைக் குடியேறிய மக்கள் 2021 ஆகஸ்டில் காட்டிய பின்னரே, சென்னை ஐஐடி வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு நடந்து, பூச்சின் தரக்குறைவு உறுதியாயிற்று. அத்தனை மாடிகளிலும் பூச்சு வேலை நடந்தபோது அளவும் தரச்சான்றும் பில்லும் படிப்படியாக நகர்ந்திருந்தன. குறையைக் கண்டுபிடித்ததோ குடியிருக்க வந்தவரின் விரல்.

மும்பை மாநகராட்சியில் 2016இல் 34 சாலைகளை ஆராய்ந்த முதற்கட்ட விசாரணை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒப்பந்தக்காரர்கள்மீது வழக்குப் பதிவானதோடு, தரத்தைக் கண்காணிக்க வேண்டிய பிரிவின் தலைமைப் பொறியாளரும், மாநகராட்சியே அமர்த்திய மூன்றாம் தரப்புத் தணிக்கையாளர்களும் கைது செய்யப்பட்டனர். அதே நகரில் 2019 மார்ச்சில் ரயில் நிலையத்தருகே நடைமேம்பாலம் இடிந்து உயிர்கள் பலியானபோது, அப்பாலம் நல்ல நிலையில் உள்ளதெனச் சான்றளித்த கட்டமைப்புத் தணிக்கையாளர் கைதானார். கண்காணிப்பவருக்கு மேல் இன்னொரு கண்காணிப்பாளரை அமர்த்திக்கொண்டே போவது தீர்வாகாது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளே போதும்.

பின்னால் வரும் கண்கள்

வேலை முடிந்த பின் கேள்வி கேட்கும் அமைப்புகளுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. நகராட்சி, ஊராட்சிக் கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. கே. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1964இல் மத்தியக் கண்காணிப்பு ஆணையம் அமைந்த அதே ஆண்டில் தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறையும் தோன்றியது. உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு 2014இலும் லோக் ஆயுக்தாவுக்கு 2018இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

தணிக்கை பெரும்பாலும் காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுகிறது. எம்-புக்கில் எழுதியதும் பில்லில் உள்ளதும் ஒத்துப்போனால் அதற்கு மேல் ஐயம் எழுவதில்லை; எழுந்தாலும் தணிக்கைத் தடையாகப் பதிவாகி, பதிலுக்குப் பதிலாக ஆண்டுகள் கடக்கின்றன. நீதிமன்றங்களும் தமக்கு எல்லை வகுத்துக்கொண்டுள்ளன. 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம், டெண்டரில் முடிவெடுக்கப்பட்ட முறையை ஆராயலாமே தவிர, அரசின் முடிவுக்குப் பதிலாக நீதிமன்றம் தன் முடிவை வைக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லாத காலங்களை இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின், விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரையிலும், சென்னை மாநகராட்சி, அருப்புக்கோட்டை நகராட்சி உள்ளிட்ட நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரையிலும் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலரே மன்றத்தின் இடத்திலும் நின்று தீர்மானம் இயற்றிய அந்த ஆண்டுகளில், வேலை கொடுப்பவரும் வேலையைக் கேள்வி கேட்க வேண்டியவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தனர்.

தண்டனையும் தப்பித்தலும்

ஒப்பந்தக்காரருக்கு எதிரான முதன்மைத் தண்டனை, குறிப்பிட்ட காலத்துக்கு அரசு வேலைகளில் சேர்க்காமல் விலக்கிவைக்கும் கரும்பட்டியல். இது ஒருவரின் பிழைப்பையே பறிக்கக்கூடியது என்பதால், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் பட்டியலில் சேர்க்கலாகாது என்று எரூசியன் எக்விப்மென்ட் வழக்கிலும், நிரந்தரமாக விலக்கிவைக்கலாகாது என்று 2013இல் குல்ஜா இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. இப்பாதுகாப்புகள் நியாயமானவையே. குறை வேறிடத்தில் இருக்கிறது: பட்டியல் நிறுவனத்தின் பெயரைத் தடுக்கிறதே ஒழிய, ஆளைத் தடுப்பதில்லை. மைத்துனர் பெயரில் புதுப் பதிவும், கூட்டாளி பெயரில் புதுக் கணக்கும் தொடங்க அதிக நாள் ஆவதில்லை. ஒரு துறை விலக்கியவர் இன்னொரு துறையில் வேலை எடுப்பதும் நடக்கிறது. உறவினரையும் சேர்த்து விலக்கிய உத்திரமேரூர் விதியை அப்படியே இன்று நடைமுறைப்படுத்தினால், குற்றமற்ற உறவினரின் உரிமை பறிபோகும். ஆனால் உண்மையான உரிமையாளர் யார், பணம் யாருடையது என்று பதிவின்போதே கேட்பது அவ்விதியின் நோக்கத்தை இன்றைய சட்டத்துக்குள் காப்பாற்றும்.

ஊர் பார்க்கும் தணிக்கை

நீரைப் பயன்படுத்துபவரே வேலையைப் பார்க்கும் பழைய நிலையைப் புது வடிவில் மீட்கும் முயற்சியாகச் சமூகத் தணிக்கையைக் கருதலாம். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 முதல் நடத்திய பொது விசாரணைகளில், பஞ்சாயத்துப் பதிவேடுகள் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டு, கூலி வாங்கியதாகப் பெயர் உள்ளவரே எழுந்து மறுக்கும் முறை உருவாயிற்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும், அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் கிராமசபையின் சமூகத் தணிக்கைக்கு இடம் தந்த 17ஆம் பிரிவுக்கும் இவ்வியக்கம் வழிகோலியது. ஒப்பந்தக்காரரே கூடாது என்று விலக்கிய அச்சட்டம், திருச்சுழி, நரிக்குடி ஒன்றியங்களில் நூறு நாள் வேலை என்ற பெயரில் கண்மாய், ஊருணி, வரத்துக்கால் வேலைகளுக்குப் பெருமளவில் பெண்களைக் கொண்டுவந்தது.

2017இல் தமிழ்நாடு அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் வேறொரு பாடம் தருகிறது. முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளும், 2019–20இல் ஏறத்தாழ 500 கோடி ரூபாயில் 1,829 வேலைகளும் எடுக்கப்பட்டன. வேலை டெண்டரின்றி ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் தரப்பட்டது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ அவர்கள் ஏற்க வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் கண்மாய் உண்மையாகவே சீரடைந்தது. ஆயினும் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை செய்ததாகவும், தூர்வாரல் என்ற பெயரில் சவுடு மண் விலைபோனதாகவும் பரவலாகப் புகார்கள் எழுந்தன. டெண்டரை அகற்றிவிட்டு அளவைப் பழைய பூட்டிய அறையிலேயே விட்டுவைத்தால், சங்கமும் ஒரு பினாமிப் பெயராகிவிடக்கூடும் என்பதே இதன் சாரம்.

ஊர்த் தணிக்கைக்கும் எல்லைகள் உண்டு. ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரர். கட்சியிலும் சாதியிலும் கொடுக்கல் வாங்கலிலும் ஊரோடு பிணைந்தவர். நிலமற்றவருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் கிராமசபையில் எழுந்து பேசுவது எளிதன்று. நகரத்தில் கேள்வி கேட்பவர் முகமறியாதவர். ஊரிலோ அவர் அடுத்த தெருக்காரர். ஆகவே தணிக்கை செய்வோர் அவ்வூர் அதிகாரத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டியதும், அவர்களுடைய அறிக்கைக்குப் பதில் சொல்லக் கெடு விதிக்கப்பட வேண்டியதும் இன்றியமையாதவை. 2022இல் நகரங்களில் தொடங்கிய பகுதி சபைகளுக்கும் இது பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், தமிழ்நாட்டின் கண்காணிப்பு வேலையை யாருக்குக் கொடுப்பது என்ற கட்டத்தில் சட்டத்தால் செறிந்தும், எவ்வளவு வேலை நடந்தது என்ற கட்டத்தில் ஒரு சில கையொப்பங்களை மட்டுமே நம்பியும் நிற்பது தெளிவாகிறது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட, 14,400 கோடி ரூபாய் மதிப்பிலான காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய் முழுமையடையும்போது, மாநகர அளவிலான ஒப்பந்தப் பணம் இவ்வறண்ட நிலத்துக்குள்ளும் வரும். கோடிகளை அளக்கப்போவதும் அதே எம்-புக்தான்.

எனவே சீர்திருத்தம் அளக்கும் நாளிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். வேலைக்கு முந்தைய மட்டமும் பிந்தைய மட்டமும் கரையிலேயே எழுதிவைக்கப்படுதல், அளக்கும் நாள் முன்கூட்டி அறிவிக்கப்பட்டு ஆயக்கட்டுதாரரும் கூலிக்கு வெட்டியவரும் உடனிருத்தல், எம்-புக்கின் படி ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்படுதல், மாநகர வடிகாலில் மேல்மூடி போடுமுன் அத்தெருவாசிகள் முன்னிலையில் அளவு எடுத்தல் ஆகியவற்றுக்குப் புதிய ஆணையமோ பெருஞ்செலவோ தேவையில்லை. குழி நடுவே விட்டுவைத்த மண் திட்டின் தலையில் புல் வேரோடு நிற்கிறதா என்று குனிந்து பார்த்த பழைய மேற்பார்வையாளர், தனியாக நின்று அதைப் பார்த்தார். வெட்டியவரும் விதைக்கப்போகிறவரும் அவரோடு சேர்ந்து குனிந்து பார்க்க, அதுவும் மடைக்குத் தண்ணீர் எட்டுவதற்கு முன்பே பார்க்க வழி செய்வதே இனி நடக்க வேண்டிய வேலை.